பெருக்கியைத் திருகுவதற்கு முன்: சிலிக்கான் அழுத்த உணரியின் உணர்திறனைக் கூட்டும் முழு வழிகாட்டி

ஜனவரி மாதம், காலை 6 மணி. மூணாறில் புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. எங்கள் லயத்துக்கு (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னால் உள்ள சரிவில் ஒரு குழாயை இறக்கி, அதன் அடியில் நான் செய்த நீரழுத்த உணரியை வைத்திருந்தேன். மடிக்கணினித் திரை 14 செ.மீ. தண்ணீர் என்று காட்டியது. மஸ்டருக்கு, அதாவது தோட்டத்தின் காலை வருகைப்பதிவுக்கு, போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஏன் தம்பி, மாசக்கணக்கா மழையே இல்ல, குழியில எங்கேர்ந்து தண்ணி?" என்றார். நியாயமான கேள்வி. குழி காய்ந்துதான் கிடந்தது. அன்று மதியம் வெயில் ஏறியதும் அதே உணரி மைனஸ் 3 செ.மீ. காட்டியது.

அதற்கு முந்தைய மாதம்தான் பெருக்கியின் (ஆம்ப்ளிஃபையர்) ஈட்டத்தை, அதாவது பெருக்கும் மடங்கை, இரண்டு முறை கூட்டியிருந்தேன், 'உணர்திறன் போதவில்லை' என்று. கூட்டியதில் தண்ணீரின் சைகை (சிக்னல்) எவ்வளவு பெரிதானதோ, பிழையும் அவ்வளவு பெரிதானது. உணர்திறனை எங்கே தேட வேண்டும் என்பதை அந்தக் குளிரில்தான் கற்றுக்கொண்டேன். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே போகும்: முதலில் சில்லு (சிப்), அப்புறம் ஒட்டு, கடைசியில் பெருக்கி.

இந்த ஊரில் மண்ணுக்குள் இருக்கும் நீரழுத்தத்தை அளப்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பே, 2009இல், அமிர்தா பல்கலைக்கழகம் மூணாறு அந்தோணியார் காலனிச் சரிவில் கம்பியில்லா உணரி வலையமைப்பை நிறுவியது. நிலத்தடி நீரழுத்தம் அளக்கும் பியசோமீட்டரும் சாய்வுமானியும் அதில் உண்டு. நான் இங்கே சொல்வதை வைத்து யாரும் எச்சரிக்கைக் கருவி செய்துவிட வேண்டாம். அது பலர் சேர்ந்து, பல ஆண்டு சோதித்துச் செய்ய வேண்டிய வேலை. இது பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களுக்கும் என்னைப் போல மேசையில் குடைந்துகொண்டிருப்பவர்களுக்கும்.

முதல் படி: இருப்பதை அளங்கள்

உணர்திறன் என்றால் ஒரு அலகு அழுத்தத்துக்கு எத்தனை மில்லிவோல்ட் என்று பாடப்புத்தகம் சொல்லும். வேலைக்கு வேண்டியது வேறு: எவ்வளவு சிறிய மாற்றத்தை நம்பி வாசிக்க முடியும்? அதற்கு மூன்று எண்கள் வேண்டும். சைகை எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு, வெப்பத்தால் வரும் நகர்வு எவ்வளவு.

கணக்குக்கு எம்.பி.எக்ஸ்.10 என்ற பழைய, எளிதாகப் புரியும் சில்லை எடுத்துக்கொள்கிறேன். 3 வோல்ட் கொடுத்தால் 10 கிலோபாஸ்கலுக்கு 35 மில்லிவோல்ட் தரும். 1 செ.மீ. தண்ணீர் என்பது 98 பாஸ்கல். அதாவது சுமார் 0.34 மில்லிவோல்ட். 1 மி.மீ. தண்ணீருக்கு 34 மைக்ரோவோல்ட்.

இரைச்சல்? 500 ஓம் தடையில் அறை வெப்பநிலையில் எழும் வெப்ப இரைச்சல், 10 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு, ஏறக்குறைய 10 நானோவோல்ட். 34 மைக்ரோவோல்ட்டுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

வெப்ப நகர்வு? இந்தச் சில்லின் பூஜ்ஜியப் புள்ளி டிகிரிக்கு 15 மைக்ரோவோல்ட் வரை நகரலாம். விடியலுக்கும் மதியத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் 300 மைக்ரோவோல்ட், கிட்டத்தட்ட 9 மி.மீ. தண்ணீர்.

என்னுடைய வெறும் சில்லின் எண்களும் இதற்குப் பக்கத்தில்தான் இருந்தன. ஆனால் என் கருவி காட்டியது 17 செ.மீ. ஆட்டம். சில்லு 1 செ.மீ. பிழைக்குத்தான் பொறுப்பு. மீதி 16 செ.மீ. எங்கிருந்து வந்தது? அந்தக் கதை ஐந்தாம் படியில். உங்கள் உணரிக்கும் இந்த மூன்று எண்களை முதலில் காகிதத்தில் எழுதுங்கள். எது பெரியதோ அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

இரண்டாம் படி: தகைவை ஓரிடத்தில் திரட்டுங்கள்

சில்லை வாங்குபவர்களும் இதைப் படிக்கலாம். தரவுத்தாளைப் புரிந்துகொள்ள உதவும். வடிவமைப்பவர்களுக்கு இதுதான் அடித்தளம்.

சிலிக்கான் அழுத்த உணரியின் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய சதுரச் சவ்வு. அழுத்தம் அதை வளைக்கும்போது அதற்குள், பரப்புக்கு இத்தனை என்று எழும் விசைதான் தகைவு (ஸ்ட்ரெஸ்). சவ்வில் பதித்த தடைகளின் மின்தடை தகைவால் மாறும்; அந்த மாற்றத்தைத்தான் அளக்கிறோம். ஓரம் கட்டப்பட்ட சதுரச் சவ்வில் தகைவு மிக அதிகமாக இருப்பது ஒவ்வொரு விளிம்பின் நடுவிலும். அதன் அளவு: அழுத்தம், பெருக்கல் பக்கத்தைத் தடிமனால் வகுத்ததன் இருமடி, பெருக்கல் சுமார் 0.308.

1 மி.மீ. பக்கம், 20 மைக்ரான் தடிமன், 10 கிலோபாஸ்கல் என்று வைத்தால் 7.7 மெகாபாஸ்கல் தகைவு வரும். தடிமனை 10 மைக்ரானாக்கினால் அது நான்கு மடங்காகி 30.8 ஆகும். அப்படியானால் 5 மைக்ரான், 3 மைக்ரான் என்று இழைத்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். தகைவு தடிமனின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது. சவ்வு வளைவதோ மும்மடிக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது. 20 மைக்ரானில் நடுப்பகுதி 0.1 மைக்ரான்தான் இறங்கும். 10 மைக்ரானில் 0.8 மைக்ரானுக்கு மேல், அதாவது தடிமனில் 8 சதவீதம். அதற்கு மேல் போனால் சவ்வு வளைவதோடு நிற்காமல் முரசுத் தோல் மாதிரி இழுபடவும் தொடங்கும், நேர்கோடு கெடும். தடிமனில் பத்தில் ஒரு பங்கு வளைவு என்பதை நான் எல்லையாக வைத்துக்கொள்கிறேன்.

நேர்கோடும் வேண்டும், உணர்திறனும் வேண்டும் என்றால் சவ்வின் நடுவில் ஒரு தடித்த தீவை விட்டுவைக்க வேண்டும். நடு விறைப்பாகிவிடும், வளைவு முழுவதும் தீவுக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள ஒடுங்கிய பகுதியில் குவியும். தகைவும் அங்கேதான் குவியும். குறைந்த அழுத்தம் அளக்கும் சில்லுகளில் இந்தத் தந்திரம் வெகுகாலமாக உண்டு. மேல்பரப்பில் குறுக்குச் சட்டம் போல் மேடு விட்டு, தடைகளை அந்தச் சட்டத்தின் கழுத்தில் வைப்பது இன்னொரு வழி. ஒன்றை மறக்க வேண்டாம்: தீவுக்கு எடை உண்டு. சில்லைத் தலைகீழாகத் திருப்பினால் பூஜ்ஜியம் நகரும். பேருந்தில் வைத்தால் முடுக்கமானியாகவே (குலுக்கலை அளக்கும் கருவி) மாறிவிடும்.

தடிமனைக் கட்டுப்படுத்துவதுதான் உண்மையான வேலை. சில்லுகளை வெட்டி எடுக்கும் 100 மி.மீ. சிலிக்கான் வட்டத்தகட்டின் (வேஃபர்) தடிமன் 525 மைக்ரான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அடிப்பக்கமிருந்து அரித்து 20 மைக்ரான் மிச்சம் வைக்க வேண்டுமானால் 505 மைக்ரான் அரிக்க வேண்டும். பக்கச் சுவர் 54.74 டிகிரி சாய்வில் நிற்கும். ஆகவே 1 மி.மீ. சவ்வுக்கு அடியில் திறக்க வேண்டிய ஜன்னல் சுமார் 1.71 மி.மீ. இப்போது யோசியுங்கள்: அரிப்பு வேகம் வேஃபரின் ஓரத்துக்கும் நடுவுக்கும் வெறும் 1 சதவீதம் மாறினால் 5 மைக்ரான் பிழை. 20 மைக்ரான் சவ்வில் அது கால்பங்கு. 10 மைக்ரான் சவ்வில் பாதி! கடிகாரம் பார்த்து அரிப்பதெல்லாம் மெல்லிய சவ்வுக்கு உதவாது. அரிப்பைச் சரியான இடத்தில் நிறுத்த, போரான் மிக அடர்த்தியாகச் சேர்த்த படலம், மின்வேதி முறையில் நிறுத்துவது, ஆக்சைடு புதைத்த வேஃபர் ஆகியவற்றில் ஒன்று வேண்டும். செலவைத் தாங்க முடிந்தால் மூன்றாவதைத்தான் சொல்வேன்.

வேஃபர் வேலைக்கு இங்கே இடமில்லையே என்று கேட்கலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் மும்பை ஐ.ஐ.டி.யும் தங்கள் நானோ ஆய்வகங்களை வெளிக் கல்லூரி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடும் ஐ.என்.யு.பி. திட்டம் 2008இல் தொடங்கியது. ஆசிரியர் மூலம் முன்மொழிவு எழுதிப் பாருங்கள்.

மூன்றாம் படி: தடையின் திசை, இடம், மாசூட்டல்

1954இல் பெல் ஆய்வகத்தில் சார்லஸ் ஸ்மித் ஜெர்மானியத்தையும் சிலிக்கானையும் அழுத்தினால் மின்தடை மாறுவதை அளந்து வெளியிட்டார். பொருள் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்பதுதான் திரிபு; அதை அளக்கும் உலோகத் தகட்டுத் திரிபளவியின் அளவிக் காரணி, அதாவது திரிபுக்கு மின்தடை மாறும் மடங்கு, 2 அளவில் நிற்கும். அதில் பெரும்பகுதி கம்பி நீள்வதால் வருவது. சிலிக்கானில் எலக்ட்ரான் ஆற்றல் பட்டையே திரிபால் மாறுகிறது. பி வகையில் (போரான் போன்றதை ஊட்டிய சிலிக்கான்), 110 திசையில் (இந்த எண்கள் படிகத்துக்குள் உள்ள திசைகளின் பெயர்கள்), காரணி சுமார் 120; 111 திசையில் 175 வரை. பாலிசிலிக்கானில் 20 முதல் 40.

திசை தவறினால் இதெல்லாம் போச்சு. தகைவுக்கு மின்தடை எவ்வளவு மாறும் என்று சொல்லும், பி வகை சிலிக்கானின் மூன்று குணகங்களில் பெரியது ஒன்றுதான்: 138. மற்ற இரண்டும் 6.6, மைனஸ் 1.1, எல்லாம் பாஸ்கலுக்குப் பத்தின் மைனஸ் 11ஆம் அடுக்கில். ஆகவே 100 வேஃபரில் தடையை 110 திசையில் வைத்தால் நீளவாக்கில் சுமார் 72, குறுக்குவாக்கில் மைனஸ் 66. ஒன்று ஏற, ஒன்று இறங்கும், அளவு கிட்டத்தட்டச் சமம். இதைவிட நல்ல பாலம் (நான்கு தடைகளைக் கட்டமாக இணைத்த சுற்று) கேட்டாலும் கிடைக்காது: இரண்டு தடை விளிம்புக்குச் செங்குத்தாக, இரண்டு இணையாக. அதே வேஃபரில் 100 திசையில் பி வகைத் தடையை வைத்தால் ஏறக்குறைய ஒன்றும் வராது. 'என்' (N) வகைக்கு, அதாவது பாஸ்பரஸ் போன்றதை ஊட்டியதற்கு, நேர்மாறு. அதற்கு 100 திசையில் மைனஸ் 102 கிடைக்கும். தடைகளின் வடிவத்தை வேஃபரில் பதிக்கும் முகமூடியை (மாஸ்க்) 45 டிகிரி திருப்பி வைத்துவிட்டு மாதக்கணக்கில் தலையைச் சொறியாதீர்கள்.

இடமும் முக்கியம். விளிம்பிலிருந்து பக்க நீளத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளே வந்தாலே தகைவு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். நீளமான ஒரு தடை இந்தச் சரிவு முழுவதையும் சராசரியாக்கி, கிடைத்ததை வீணடிக்கும். அதைக் குட்டையாக்கி, இரண்டு மூன்றாக மடித்து, திருப்பங்களில் உலோகமோ அடர்ந்த மாசூட்டலோ (சிலிக்கானில் வேற்று அணுக்களைச் சேர்ப்பது) போடுங்கள்.

மாசூட்டலில் நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். லேசாக ஊட்டினால் உணர்திறன் உச்சத்தில் இருக்கும், ஆனால் வெப்பத்துக்கு அது தள்ளாடும். கன சென்டிமீட்டருக்கு பத்தின் 20ஆம் அடுக்கு அணு அளவுக்கு ஊட்டினால் உணர்திறன் கணிசமாகக் குறையும், வெப்பத்தில் ஆடாது. இன்னொரு லாபமும் உண்டு: குறைந்த அதிர்வெண்ணில் எழும் இரைச்சல், தடைக்குள் இருக்கும் மின்னேந்திகளின் (மின்சாரத்தைச் சுமக்கும் துகள்கள்) எண்ணிக்கைக்கு எதிர்விகிதம். தடையைச் சிறிதாக்கி, லேசாக ஊட்டிச் சைகையைக் கூட்டியவர்கள் இரைச்சலையும் கூடவே வளர்த்துவிடுவார்கள். நம் வேலையில் தண்ணீர் மட்டம் மணிக்கணக்கில் நகரும்; அந்த மெதுவான இரைச்சல்தான் கடிக்கும். ஆகவே உச்ச உணர்திறனைவிட ஒரு படி கூடுதல் மாசூட்டல் என்பதே என் கட்சி.

நானோகம்பி பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 2006இல் சிலிக்கான் நானோகம்பிகளில் பிரம்மாண்டமான பியசோ மின்தடை (அழுத்தினால் மின்தடை மாறுவது) என்று செய்தி வந்தது. 2010இல் வேறொரு குழு, தடை தானாகவே நகர்வதைப் பிரித்துப் பார்த்தால் அந்தப் பிரம்மாண்டம் காணாமல் போகிறது என்று காட்டியது. மேற்பரப்பில் சிக்கும் மின்னூட்டத்தின் வேலை அது. என் 14 செ.மீ. தண்ணீரும் அந்த ஜாதிதான்.

நான்காம் படி: மின்சாரம் கொடுக்கும் விதம்

பாலத்தின் சைகை, கொடுக்கும் வோல்ட்டுக்கு நேர்விகிதம். கூட்டினால் கூடும், சில்லும் சூடாகும். 500 ஓமில் 3 வோல்ட் என்றால் 18 மில்லிவாட். 5 வோல்ட் என்றால் 50. மெல்லிய சவ்வின் மேல் அது சின்ன விஷயமல்ல. தண்ணீர் மட்டத்துக்கு இடைவிடாத மின்சாரம் எதற்கு? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை விநாடி கொடுத்து வாசித்து அணைத்துவிடுங்கள். பேட்டரியும் மழைக்காலத்தைத் தாண்டும்.

நிலையான மின்னழுத்தத்தில் ஓட்டினால் உணர்திறன் டிகிரிக்குச் சுமார் 0.2 சதவீதம் குறையும். அதே வேளையில் தடை வெப்பத்தோடு ஏறுகிறது. எனவே நிலையான மின்னோட்டம் கொடுத்தால் சில்லின் மேல் விழும் மின்னழுத்தம் தானாக ஏறி, இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஒரு ஆப்-ஆம்பும் (பெருக்கிச் சில்லு) ஒரு நல்ல தடையும் போதும். இந்த வழிகாட்டியில் மிக மலிவான முன்னேற்றம் இதுதான்.

ஐந்தாம் படி: ஒட்டு

மீதி 16 செ.மீ. இங்கேதான் ஒளிந்திருந்தது. நான் சில்லை எஃகுத் தலையில் எபாக்ஸி வைத்து ஒட்டியிருந்தேன், அசையாமல் இருக்கட்டும் என்று. எபாக்ஸி டிகிரிக்குச் சுருங்கும் அளவு சிலிக்கானைவிடச் சுமார் 20 மடங்கு. விடியற்காலைக் குளிரில் எபாக்ஸி சுருங்கி, சில்லை நாலாபக்கமும் கவ்வி வளைத்தது. சவ்வுக்கு அது தண்ணீரா பசையா என்று தெரியுமா? தகைவு வந்தது, மின்தடை மாறியது, திரையில் 14 செ.மீ.

சரி, எப்படி ஒட்ட வேண்டும்? தொழிற்சாலைகளில் சில்லின் அடியில் பைரக்ஸ் கண்ணாடித் துண்டு ஒன்றை 400 டிகிரி வாக்கில் சில நூறு வோல்ட் கொடுத்து இணைப்பார்கள். சிலிக்கானின் விரிவு 2.6, பைரக்ஸின் விரிவு 3.25, இரண்டும் பத்து லட்சத்தில் பங்காக, நல்ல ஜோடி. தடித்த அந்தக் கண்ணாடி, கீழே உள்ள உலோகத்தின் இழுப்பைச் சவ்வு வரை ஏற விடாது. வாங்கும்போது கண்ணாடித் தளம் உள்ள சில்லாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து, பசை மென்மையாக இருக்கட்டும். அறை வெப்பத்தில் இறுகும் சிலிகான் ரப்பரை (சில்லின் சிலிக்கான் வேறு, இது வேறு), சில்லின் முழு அடிப்பரப்பிலும் பூசாமல், துளையைச் சுற்றி ஒரு வளையமாக மட்டும் வையுங்கள். அடுக்கு சற்றுத் தடிப்பாகவே இருக்கட்டும். புளித்த வாடை அடிக்கும் அசிட்டிக் அமில வகை வேண்டாம், கம்பிப் பிணைப்பை அரிக்கும். ஒரு முழுநாள் விடுங்கள். தங்கக் கம்பிகளின் மேல் சிலிகான் ஜெல். இறுகும் மெழுகோ எபாக்ஸியோ வைத்து அடைக்கவே கூடாது.

திரிபளவி ஒட்டுபவர்களுக்கு இதில் பாதி தலைகீழ். குறைக்கடத்தித் திரிபளவியைத் தூணிலோ கம்பியிலோ ஒட்டும்போது பசை விறைப்பாகவும் முடிந்தவரை மெல்லியதாகவும் இருக்க வேண்டும். தடித்த பசை திரிபை விழுங்கிவிடும். அழுத்தச் சில்லுக்கு அடித்தளத்தின் இழுப்பு வேண்டாம், திரிபளவிக்கு அதுதான் வேண்டும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்தால் எந்தப் பசை என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சோதிக்கும் முறை எளிது. அழுத்தமில்லாமல் உணரியை நெகிழிப் பையில் கட்டி ஐஸ் தண்ணீரில் ஒரு மணி நேரம், அப்புறம் வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம், திரும்ப ஐஸில். இரண்டாம் முறை ஐஸில் வந்த எண் முதல் எண்ணுக்குத் திரும்பாவிட்டால் குற்றவாளி பசைதான். சில்லு அநேகமாகத் திரும்பிவிடும், பசை ஊர்ந்துகொண்டே இருக்கும். மேல்புள்ளிக்குக் கொதிநீரை நம்பாதீர்கள். மூணாறு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். வெப்பமானி வைத்து 30 டிகிரிக்குக் கலந்துகொள்ளுங்கள். கருவி வாழப்போவதும் அந்த எல்லைக்குள்தான்.

ஆறாம் படி: இப்போது பெருக்கி

எச்.எக்ஸ்.711 எல்லோர் மேசையிலும் கிடக்கும், மின்னழுத்தத்தைப் பெருக்கி எண்ணாக்கித் தரும் 24 பிட் மாற்றி. ஒரு பொறி உண்டு. அதன் ஈட்டம் 128இல், 3 வோல்ட் ஊட்டினால், உள்ளே வாங்கும் எல்லை ஏறக்குறைய 11.7 மில்லிவோல்ட்தான். எம்.பி.எக்ஸ்.10 அழுத்தமே இல்லாதபோதே 20 மில்லிவோல்ட் காட்டும் சுபாவம் கொண்டது. இணைத்த உடனே எண் உச்சத்தில் முட்டி நிற்கும். சில்லு செத்துவிட்டது என்று குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஈட்டம் 32 உள்ள இரண்டாம் வழித்தடத்தில் இணையுங்கள். எல்லை 47 மில்லிவோல்ட், சுமார் 78 செ.மீ. தண்ணீர் வரை இடம் கிடைக்கும். பால வகைச் சில்லானால் ஒரு கைக்கு இணையாகத் தரமான தடை ஒன்றைப் போட்டுப் பூஜ்ஜியத்தை இறக்கலாம். எம்.பி.எக்ஸ். வகையில் அது நடக்காது. அதற்குள் நான்கு தடைகளே இல்லை, ஒரே தடையின் குறுக்கே எழும் மின்னழுத்தத்தைத்தான் எடுக்கிறார்கள்.

100 வாசிப்பைச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். நகர்வு அப்படியே இருக்கும். முதல் படியில் எழுதிய மூன்று எண்களில் எது பெரியது என்று இங்கே திரும்பிப் பாருங்கள்.

வெப்பநிலையை எங்கே அளப்பது? பலகையில் இருக்கும் வெப்ப உணரி பலகையின் வெப்பத்தைச் சொல்லும். நிலையான மின்னோட்டத்தில் ஓட்டினால் சில்லின் மேல் விழும் மின்னழுத்தமே வெப்பமானி. இரண்டையும் ஒரே நேரத்தில் வாசித்து, ஐஸ், 15, 30 டிகிரி மூன்றிலும் அளந்து ஒரு வளைகோட்டைப் பொருத்துங்கள். அளவுத்திருத்தத்துக்கு ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி, டேப் வைத்து உயரத்தை அளந்தால் போதும். இதைவிட நேர்மையான அழுத்த மூலம் விலைக்குக் கிடைக்காது.

சாய்வு அளப்பவர்களுக்கு

மின்தேக்க வகை முடுக்கமானியைச் சாய்வுக்குப் பயன்படுத்துவோருக்குச் சுருக்கமாக. உள்ளே தொங்கும் நிறை எவ்வளவு நகர்கிறது என்பது இயல் அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதம். 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஜி (புவியீர்ப்பின் அளவு) முடுக்கத்துக்கு 250 நானோமீட்டர், 5 கிலோஹெர்ட்ஸ் என்றால் 10தான். மெதுவான சாய்வுக்கு மெதுவான சில்லே நல்லது. ஒரு டிகிரி சாய்வு 17.5 மில்லி ஜி. எம்.பி.யு.6050 முடுக்கமானியின் இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 400 மைக்ரோ ஜி, ஏ.டி.எக்ஸ்.எல்.355இல் சுமார் 25. விலை பல மடங்கு வித்தியாசம், இந்த வேலைக்கு அது நியாயமான விலை.

குழியில் இறக்கும் முன்

சவ்வின் பின்பக்கம் வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்க வேண்டும். காற்றழுத்தம் தினமும் காலை 10, இரவு 10 வாக்கில் ஏறும்; மாலை 4, அதிகாலை 4 வாக்கில் இறங்கும். மொத்த ஆட்டம் 3 ஹெக்டோபாஸ்கல் அளவில், அதாவது 3 செ.மீ. தண்ணீர். பின்பக்கத்தை அடைத்தால் இத்தனை பாடுபட்டு ஒழித்த பிழை வேறு வேஷத்தில் திரும்பி வரும். நடுவில் மெல்லிய காற்றுக் குழாய் ஓடும் கேபிளை வாங்குங்கள். மேல் முனையில் சிலிக்கா ஜெல் குப்பி ஒன்று, இல்லாவிட்டால் மூணாற்று மூடுபனி அந்தக் குழாய் வழியாகச் சில்லின் முதுகில் போய்ப் படியும்.

சிலிகான் வளையத்தில் மீண்டும் ஒட்டி, மின்னோட்டத்தில் ஓட்டி, போன ஜனவரியில் அதே காய்ந்த குழியில் இறக்கினேன். விடியலுக்கும் மதியத்துக்கும் இடையே ஆட்டம் 6 மி.மீ. பெருக்கியின் ஈட்டம் பழையதில் நான்கில் ஒன்று. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன் குப்பியைத் திறந்து பார்த்துவிடுங்கள். நீல ஜெல் வெளிறி ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தால் வாணலியில் மிதமாக வறுத்து, நீலம் திரும்பியதும் ஆற வைத்துப் போட்டு மூடுங்கள். அந்த வாணலியைத் திரும்பச் சமையலுக்கு எடுக்க வேண்டாம், நீல ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது.